கடலுக்கு வீணாகப் போகும் தண்ணீர்

அடைக்கலவிளை
9 ஏப்ரல் 1946

தம்பி தேவபிரசாதத்துக்கு,

நலம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. இந்தக் கடிதத்தோடு பஸ் டிரைவர் வீரபாகு அண்ணாச்சியிடம் ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மூடியைத் திறந்து ஒரு மடக்குக் குடி. குடித்துவிட்டு மேலே படி.

கரிக்கிறதா? அது நம் ஊர்ப் பொதுக்கிணற்றுத் தண்ணீர். தேரி மணல் மேட்டின் அடியில் இருக்கிறதே, அதே கிணறு. நம் விளையில் குடியிருக்கிறவர்களும் கீழக்கரைத் தெருவில் மீன் பிடிக்கிறவர்களும் குடிப்பது அந்த ஒரே கிணற்றில்தான். அதற்கு இருநூறு கெஜம் தள்ளி அப்பா உனக்கு எழுதிவைத்த தோட்டம். ஜனவரியில் வந்து தோட்டத்துக் கிணற்றின் அடியில் இன்னும் நாற்பதடிக்குக் குழாய் இறக்கினாய். மேலே எண்ணெய் இன்ஜினை வைத்தாய். ஓட்டுவதற்கு வன்னியபெருமாளை அமர்த்திவிட்டு நீ தூத்துக்குடியில் உன் ஹார்பர் வேலையைப் பார்க்கப் போய்விட்டாய். அவன் காலையில் ஓட்ட ஆரம்பித்தால் விளக்கேற்றும் நேரத்தில்தான் நிறுத்துகிறான். இரண்டு ஏக்கர் வாழையும் தளதளவென்று நிற்கிறது. அதில் பொய் சொல்ல மாட்டேன்.

மார்ச் மாதம் பருப்பு வேகவில்லை. பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்கார அண்ணாச்சியைத் திட்டினோம். பிறகு சோப்பு நுரைக்கவில்லை. போன வாரம் பிளாரன்ஸ் குடத்தோடு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டாள். சங்கு குளிக்கப் போகிற சிலுவையின் மனைவி, உனக்குத் தெரியும். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முப்பத்தொரு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"டீச்சரம்மா, இதக் கொஞ்சம் குடிச்சிப் பாருங்க. கடல்ல மோந்தது இல்ல, கெணத்துல மோந்தது. எங்க வீட்டுல மூணு பேருக்கு வயித்தால போவுது. ஒங்க தம்பி மிஷினு ஓட்டுன அன்னைக்கி நீங்கதான பாட்டுப் படிச்சிய?"

படித்தேன். உபதேசியார் ஜெபம் பண்ணினார், நான் பாடினேன். "இனிமேல் அடைக்கலவிளைக்குத் தண்ணீர்க் கஷ்டம் கிடையாது" என்று ஊர் கேட்கச் சொன்னதும் இந்த வாய்தான். பிளாரன்ஸ் குடத்தைச் சாய்த்தாள், பிள்ளைகள் முன்னால் கையை ஏந்தி வாங்கிக் குடித்தேன். உன்னால் வந்த அவமானம் அது.

நம் பக்கத்துக் கிணறு வெட்டுகிறவர்கள் முழங்கால் அளவு தண்ணீர் கண்டதும் மண்வெட்டியை மேலே எறிந்துவிட்டு ஏறிவிடுவார்கள். அகலப்படுத்தச் சொன்னால் அகலப்படுத்துவார்கள். ஆழப்படுத்தச் சொன்னால் இரட்டைக் கூலி கொடுத்தாலும் மாட்டார்கள். இந்த முறையும் அவர்கள் மாட்டோம் என்றார்கள். நீ "பயந்தாங்கொள்ளிகள்" என்று சிரித்துவிட்டு வெளியூரிலிருந்து போர் போடுகிற ஆட்களைக் கூட்டிவந்தாய். பக்கத்தில் நின்ற நானும் சிரித்தேன்.

இன்ஜினை நிறுத்தச் சொல்லி வன்னியபெருமாளுக்கு ஒரு கார்டு போடு. நான் சொன்னால் அவன் கேட்கமாட்டேன் என்கிறான்.

ஞானபாய்


தூத்துக்குடி
14 ஏப்ரல் 1946

அக்காவுக்கு,

பாட்டில் வந்தது. திறக்கவில்லை. அப்படியே சாக்கடையில் எறிந்துவிட்டேன். வீரபாகு அண்ணாச்சி பஸ்ஸில் இருந்த எல்லாரிடமும் அதைக் காட்டிக்கொண்டு வந்தாராம். இனிமேல் வீட்டு விவகாரத்தை பஸ்ஸில் ஏற்றி அனுப்பாதே.

போன ஐப்பசி, கார்த்திகையில் மழை ஏமாற்றிவிட்டது. வெயில் காலத்தில் கடற்கரைக் கிணறுகள் கொஞ்சம் கரிப்பது எந்த ஊரில் இல்லை? ஒரு மிஷின் வந்துவிட்டால் போதும், பசு பால் கறக்காததற்குக்கூட மிஷின்தான் காரணம் என்பார்கள் நம் ஊர்க்காரர்கள். நீ படித்தவள். நீயும் அவர்களோடு சேர்ந்துகொண்டு ஆடுகிறாய்.

உனக்குப் புரிகிறமாதிரி சொல்கிறேன். பொதிகை மலையில் பெய்கிற மழையில் பாதிதான் ஆற்றில் ஓடுகிறது. மீதி மண்ணுக்கடியில் இறங்கி, கிழக்கே ஓடிவந்து, யாருக்கும் உதவாமல் கடலில் விழுகிறது. சாட்சி வேண்டுமா? உன் சிலுவையையே கேள். கரைக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் நல்ல தண்ணீர் ஊற்று இருக்கிறது என்று அவன்தான் என்னிடம் சொன்னான். உப்புத் தண்ணீருக்கு நடுவில் நல்ல தண்ணீர்! எத்தனை ஆயிரம் வருஷமாக இப்படிக் கொட்டி வீணாகிறது! கடலுக்கு வீணாகப் போவதைத்தான் நான் மறித்து வாழைக்கு விடுகிறேன். ஊரார் பங்கில் ஒரு சொட்டுக்கூட நான் எடுக்கவில்லை.

நாட்டில் ரேஷன் அரிசிக்கு ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். விளைச்சலைக் கூட்டு என்று சர்க்கார் சொல்லித்தான் எனக்கு எண்ணெய் பெர்மிட் கொடுத்திருக்கிறது. கலெக்டர் ஆபீசில் சரியென்று சொன்னது உனக்கும் பிளாரன்சுக்கும் தப்பாகத் தெரிகிறது. மூன்றாம் வகுப்புப் பூகோளத்தை வைத்துக்கொண்டு ஓவர்சியருக்குப் பாடம் எடுக்காதே.

இன்ஜின் ஓடும்.

தேவபிரசாதம்


அடைக்கலவிளை
2 மே 1946

தம்பிக்கு,

மூன்றாம் வகுப்புப் பூகோளம்தான். உட்கார்ந்து கேள்.

வெயில் கடலிலிருந்து ஆவியைத் தூக்குகிறது. உப்பைக் கீழேயே விட்டுவிடுகிறது. ஐப்பசியில் வாடைக்காற்று அந்த மேகத்தைக் கொண்டுவந்து நம் தேரி மேல் கொட்டுகிறது. செம்மணல் ஆனதால் ஓடையாக ஓடாமல் அப்படியே உள்ளே போகிறது. போனதில் பெரும்பகுதியை வெயில் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். பனையும் உடைமரமும் தங்கள் பங்கைக் குடிக்கும். மிச்சம் இருக்கிற கொஞ்சம் கீழே இறங்கி, அங்கே ஏற்கனவே இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் நிற்கும். நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். அப்படி நிற்கிற தண்ணீர் மெள்ள மெள்ளக் கடல் பக்கம் நகரும். அது நகர்ந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிற வரைக்கும் கடல் உள்ளே வர முடியாது. நீ வீணாகப் போகிறது என்று சொல்கிறாயே, அந்தத் தண்ணீர்தான் ஊருக்குக் காவல்.

பொதிகைத் தண்ணீராம்! பொதிகையில் மழை கொட்டுவது ஆனியிலும் ஆடியிலும். அந்த மாதங்களில் நம் கிணறு ஒரு விரற்கடையாவது ஏறி நீ பார்த்திருக்கிறாயா? ஆடியில் வற்றிக் கிடக்கும், கார்த்திகையில் ஏறும். நீ பிறந்து வளர்ந்த ஊர் இது. குடித்த தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுகூடத் தெரியாமல் வளர்ந்திருக்கிறாய்.

சிலுவையைக் கேட்கச் சொன்னாய். கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கூப்பிடு தூரத்துல, மாரளவு தண்ணியில, காலுக்கடியில குளுகுளுன்னு ஒரு ஊத்து வரும் டீச்சர். சின்னதுல அங்கன முங்கி வாயத் தொறந்து குடிச்சிருக்கோம். இந்தத் தபசு காலத்துல, ஈஸ்டருக்கு முந்தி, போயித் தேடுனேன். மணலத் தோண்டிக்கூடப் பாத்துட்டேன். இல்ல. நின்னு போச்சி."

உன் சாட்சி சொன்னது இது. காவல் போய்விட்டது. இனி கடல் உள்ளே வராமல் என்ன செய்யும்?

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்று நீ இன்ஜினை ஓட்ட விடுவதில்லை. அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். பொதுக்கிணற்றில் கல் கட்டிய கயிற்றை விட்டு, சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். திங்கட்கிழமை விடியற்காலையில், வன்னியபெருமாள் வருவதற்குள், மறுபடியும் ஒரு முடிச்சு. மூன்று வாரம் பார்த்துவிட்டேன். மூன்று தடவையும் தண்ணீர் நாலு விரற்கடை ஏறியிருக்கிறது. திங்கட்கிழமை சாயங்காலம் பார்த்தால் பழையபடி இறங்கிக் கிடக்கிறது. உன் இன்ஜின் ஓய்வெடுத்தால் எங்கள் கிணறு மூச்சு விடுகிறது. இதற்கு ஓவர்சியர் என்ன சொல்கிறார்?

ஞானபாய்


தூத்துக்குடி
10 மே 1946

அக்காவுக்கு,

ஓவர்சியர் சொல்வது இதுதான். ஞாயிற்றுக்கிழமை கீழக்கரைத் தெரு மொத்தமும் பூசைக்குப் போய்விடுகிறது. நம் ஆட்கள் ஆலயத்துக்குப் போய்விடுகிறார்கள். துணி துவைப்பது கிடையாது, மாடு குளிப்பாட்டுவது கிடையாது. இறைப்பு குறைந்தால் கிணறு ஏறத்தான் செய்யும். இதைக் கண்டுபிடிக்கக் கயிறும் முடிச்சும் தேவையில்லை. உன் முடிச்சை ஆபீசில் காட்டினால் சிரிப்பார்கள்.

நீ எழுதுகிறபடி பார்த்தால் நான் ஏதோ வேடிக்கைக்காக இன்ஜின் வைத்தவன்போல இருக்கிறது. பதினோரு வருஷமாக இந்த ஹார்பரில் கிடக்கிறேன். மேலே இருக்கிற துரை என் பெயரைக்கூடச் சொல்லமாட்டான், விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவான். போன மாதம் கூலியாட்கள் முன்னால் என் அளவு நோட்டை என் முகத்தில் எறிந்தான். பொறுக்கி எடுத்துக்கொண்டு "யெஸ் சார்" என்றேன். எறிந்தது சரிதானா என்று கேட்க எனக்கு ஒரு ஆள் இல்லை. கிருபையும் நானும் இரண்டு ஜன்னல் வைத்த வாடகை வீட்டில் மீன் எண்ணெய் வாடையில் குடித்தனம் பண்ணுகிறோம். உனக்கு அப்பா கட்டிய வீடு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, தெருவில் நடந்தால் எழுந்து நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு அந்த இரண்டு ஏக்கர்தான் இருக்கிறது. வாழை முதல் தார் வெட்டியதும் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிடுவது என்று கிருபையிடம் சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

தம்பி ஊருக்கு வரட்டும் என்று நினைக்கிற அக்காவாக இருந்தால் நீ ஒரு நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருப்பாய். கரிக்கிற தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

இன்ஜினில் கை வைக்காதே. சொல்லிவிட்டேன்.

தேவபிரசாதம்


அடைக்கலவிளை
28 மே 1946

தம்பிக்கு,

காய்ச்சினால் உப்பு போகுமா? தண்ணீர்தான் ஆவியாகப் போகும், உப்பு சட்டியில் நிற்கும். நம் ஊர் உப்பளம் நடப்பதே அப்படித்தான். காய்ச்சக் காய்ச்சக் கரிப்பு கூடும். இதைக்கூட மறந்துவிட்டுத்தான் எனக்கு எழுதினாயா, அல்லது இவளுக்கு என்ன தெரியும் என்று எழுதினாயா?

ஞாயிற்றுக்கிழமை இறைப்பு குறைவு என்றாய். நியாயமான கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். அதனால் வேலை நாளில் இன்ஜின் நின்றால் என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டேன். போன செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் இன்ஜின் பெல்டைக் காணவில்லை என்று வன்னியபெருமாள் உனக்குத் தந்தி அடித்தானே, அந்தப் பெல்டு என் அரிசிப் பெட்டிக்குள் இருந்தது. மூன்று நாளும் ஊர் வழக்கம்போல இறைத்தது, துவைத்தது, மாடு குளிப்பாட்டியது. மூன்றே நாளில் கிணறு ஆறு விரற்கடை ஏறியது. வெள்ளிக்கிழமை பெல்டை அவனிடம் கொடுத்துவிட்டேன். திருட்டு என் தொழில் இல்லை.

பெல்டை ஒளிக்க இடம் தேடும்போது பரணில் உன் பழைய பெட்டி கிடைத்தது. இன்ஜினீயரிங் ஸ்கூலில் நீ படித்த புத்தகங்கள். எனக்கு அந்த இங்கிலீஷ் பாதிதான் புரியும். ஆனாலும் நிலத்தடி நீர் பற்றிய அத்தியாயத்தில் ஒரு பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருந்தது. பக்கத்தில் உன் கையெழுத்து: "பரீட்சைக்கு முக்கியம்." அந்த இடத்தை அகராதியை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்கப் படித்தேன்.

மணற்பாங்கான கடற்கரையில் நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே நாற்பதடிக்கு நல்ல தண்ணீர் இருக்குமாம். மேலே ஒரு அடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு நாற்பதடி ஏறி வருமாம். உன் இன்ஜின் ஒரு நாளில் இறக்குகிற நாலு விரற்கடைக்குக் கணக்குப் போட்டேன். பத்தடி வருகிறது. நீ அடித்த குழாய் முனையே அதற்குள் போய்விடும்.

உனக்குத் தெரிந்திருக்கிறது! தெரியாமல் செய்தாய் என்று இத்தனை நாள் உனக்காக நான் என் மனதுக்குள் வக்கீல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிட்டு, சொந்த ஊரில் வந்து அதற்கு நேர்மாறாகக் குழாய் இறக்கியிருக்கிறாய். துரை உன் முகத்தில் நோட்டை எறிந்தது தப்பு. ஆனால் நீ எறிந்தது யார் முகத்தில் என்று யோசி.

ஞானபாய்


தூத்துக்குடி
3 ஜூன் 1946

ஞானபாய் டீச்சர் அவர்களுக்கு,

புதுப் பெல்டு ஒன்று உபரியாக அனுப்பியிருக்கிறேன். பம்பு அறைக்குப் பூட்டு போடச் சொல்லியிருக்கிறேன். சாவி வன்னியபெருமாளிடம் இருக்கும். மறுபடி உள்ளே நுழைந்தால் அக்கா என்று பார்க்கமாட்டேன், போலீசில் எழுதிக் கொடுப்பேன்.

அந்தப் புத்தகம் எங்கோ குளிர் தேசத்துத் தீவுகளைப் பார்த்து எழுதியது. தேரியைப் பார்த்து எழுதியதில்லை. என் பெட்டியை என்னைக் கேட்காமல் திறந்ததற்கு நீ வெட்கப்பட வேண்டும்.

அப்பா வீட்டை உனக்கு எழுதினார், தோட்டத்தை எனக்கு எழுதினார். அவரவர் எல்லைக்குள் இருப்போம். இனிமேல் எனக்குக் கடிதம் எழுதவேண்டாம்.

தேவபிரசாதம்


அடைக்கலவிளை
20 ஆகஸ்டு 1946

தம்பிக்கு,

எழுதவேண்டாம் என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப்போட உனக்குக் கை இருக்கிறது.

உன் வாழை இலைகள் ஓரத்தில் கருகுகின்றன. நெருப்புப் பட்டதுபோல ஓரம் மட்டும் பழுப்பாகி, சுருண்டு, உள்ளே உள்ளே வருகிறது. கீழ்ப்பாத்தியில் அறுபது கன்று சாய்ந்துவிட்டது. வன்னியபெருமாள் உனக்கு எழுதப் பயப்படுகிறான். "ஐயா கோவப்படுவாவ டீச்சர். இன்னும் ரெண்டு மணி நேரம் கூட ஓட்டுன்னு சொல்லுதாவ, நானும் ஓட்டுதேன். ஓட்ட ஓட்டக் கரிப்புத்தான் கூடுது" என்று என் வாசலில் வந்து நின்று அழுகிறான். ஐம்பது வயது ஆள்.

கீழக்கரைத் தெருவில் பதினொரு வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆறுமுகநேரிப் பாதையில் இருக்கிற ஊருணிக்கு ஒரு நடைக்கு மூன்று மைல். குடத்தைத் தூக்கிக்கொண்டு எத்தனை நாள் நடப்பார்கள்? மணப்பாட்டுக்குச் சிலர், உவரிக்குச் சிலர் என்று சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். சிலுவையும் பிளாரன்சும் போன வாரம் தூத்துக்குடிக்குப் போனார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேருடைய சிலேட்டும் பள்ளிக்கூடத்தில் கிடக்கிறது. வருகைப் பதிவில் பெயரை அடிக்க எனக்கு இன்னும் கை வரவில்லை.

நீ ஊருக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்டாய். எந்த ஊருக்கு?

ஞானபாய்


தூத்துக்குடி
16 செப்டம்பர் 1946

அக்காவுக்கு,

சனிக்கிழமை நான் ஊருக்கு வந்தேன். வீட்டுக்கு வரவில்லை. நான் கிணற்றடியில் தண்ணீரை வாயில் வைத்துவிட்டுத் துப்பியதாகப் பக்கத்து வீட்டுச் செண்பகம் உன்னிடம் சொல்லியிருப்பாள். அவள் தூரத்திலிருந்து பார்த்தாள். நான் துப்பவில்லை. விழுங்கினேன். ஒரு செம்பு முழுவதையும் நின்று குடித்தேன். பிறகு தோட்டத்தில் போய் வாந்தி எடுத்தேன்.

ஏன் வந்தேன் என்று சொல்கிறேன். எங்கள் தெருமுனையில் முனிசிபல் குழாய் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர். காலையில் இரண்டு மணி நேரம் வரும். போன செவ்வாய்க்கிழமை அங்கே ஒரே சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருப் பெண்கள் ஒருத்தியுடைய குடத்தைப் பிடுங்கி உருட்டிவிட்டார்கள். "எந்த ஊரோ எங்கேயோ இருந்து வந்து எங்க தெருக் குழாயில நிக்கா, பாரேன்" என்று கத்துகிறார்கள். குனிந்து குடத்தை எடுத்தவள் நிமிர்ந்தபோது பார்த்தேன், பிளாரன்ஸ்.

செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போனேன். அவளைப் பிடிக்க விடுங்கள் என்றேன். எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டு அம்மாள், "அவ ஒங்களுக்கு யாரு ஓவர்சியர் ஐயா?" என்று கேட்டாள். பிளாரன்ஸ்தான் பதில் சொன்னாள்.

"நான் இவுக ஊருதான். இவுக தோட்டத்துக்குப் பக்கத்துக் கெணத்துலதான் தண்ணி எடுத்துக்கிட்டு இருந்தோம்."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள். சிலுவை இப்போது பண்டகசாலையில் மூட்டை தூக்குகிறான். மூச்சடக்கிக் கடலுக்கடியில் போய்வந்த ஆள், படியேறினால் இருமுகிறான்.

சனிக்கிழமை போர்க்குழாயின் அடிவரைக்கும் கயிற்றில் கட்டி ஒரு புட்டியை இறக்கி மொண்டு எடுத்தேன். கடல் தண்ணீர். சந்தேகத்துக்கு இடமே இல்லாத கடல் தண்ணீர். வன்னியபெருமாளிடம் சாவியை வாங்கி இன்ஜினை நிறுத்திவிட்டேன். அடுத்த வாரம் ஆட்கள் வந்து குழாயை உருவி, துளையைக் களிமண் போட்டு அடைத்துவிடுவார்கள்.

ஏப்ரலில் நீ அனுப்பிய பாட்டிலைத் திறக்கவில்லை என்று எழுதினேன். பொய். அன்றைக்கே திறந்து குடித்தேன். அன்றைக்கே தெரிந்தது. சிவப்புப் பென்சில் கோடும் ஞாபகம் வந்தது. கிருபை "எப்படியிருக்கு?" என்று கேட்டாள். "கொஞ்சம் மண் வாடை" என்றேன். முதல் தார் வெட்டுகிற வரைக்கும் தாங்கிவிடாதா என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் உனக்கு அவ்வளவு காரமாக எழுதினேனே, எனக்குத் தெரிந்திருந்ததால்தான் அவ்வளவு காரம்.

நீ செய்ததெல்லாம் சரி என்று எழுத இன்னும் எனக்கு மனம் வரவில்லை. அந்தப் புத்தகத்தை உபதேசியாரிடம் கொண்டுபோய்க் காட்டினாயாமே, அது எதற்கு? வீட்டுக்குள் வைத்து என்னைக் கொன்றிருக்கலாம்.

நான் இனி இங்கேதான். கிருபையிடமும் சொல்லிவிட்டேன். கிணற்றுத் தண்ணீர் பழையபடி நல்லதானதும் ஒரே ஒரு வரி எழுது. அப்போது வருகிறேன். அதுவரைக்கும் அந்த ஊரில் முகம் காட்ட என்னால் முடியாது.

தேவபிரசாதம்


அடைக்கலவிளை
12 ஜனவரி 1947

தம்பிக்கு,

நாலு மாதம் பதில் எழுதாதது வேண்டுமென்றேதான். உன் கடிதத்தைப் படித்துவிட்டு உனக்காக அழுதேன். பிறகு அழுததற்காக என் மேலேயே ஆத்திரம் வந்தது. ஏப்ரலிலேயே தெரியும் என்று எழுதியிருக்கிறாய். ஏப்ரலில் நிறுத்தியிருந்தால் பதினொரு வீடும் இங்கே இருந்திருக்கும். அதை நீ எந்தக் காரத்தாலும் மறைக்க முடியாது.

கார்த்திகை முழுவதும் நல்ல மழை. தேரி குடித்துத் தீர்த்தது. கிணறு மூன்று முழம் ஏறியது. ஊரே ஓடிப்போய் வாளியைப் போட்டு இறைத்தது. அதே கரிப்பு! முதலில் இறைத்துக் குடித்த செல்லத்தாய் வாளியைக் கிணற்றிலேயே வீசிவிட்டு உன் பெயரைச் சொல்லி மண்ணை வாரி இறைத்தாள். மழை பெய்தால் சரியாகிவிடும் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தவள் நான். இரண்டாவது தடவையாக என் வாய் பொய்யானது.

உண்மையைக் கண்டுபிடித்தது செண்பகம். தண்ணீர் மேலே ஏறி நிற்பதால் படிக்கல்லில் இறங்கி உட்கார்ந்தால் கைக்கு எட்டுகிறது. அவள் ஒரு தேங்காய்ச் சிரட்டையால் மேலாக வழித்து எடுத்து வாயில் வைத்தாள். நல்ல தண்ணீர். புது மழைத் தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்கு ஏடுபோல மேலே நிற்கிறது, அதற்குக் கீழே உப்பு. வாளி போய் விழுந்தால் இரண்டும் கலங்கிப்போகிறது. மெள்ள வழித்தால் குடிக்கலாம்.

அதனால் இப்போது கிணற்றடியில் வாளிக்குத் தடை. ஒருவர் மட்டும் படியில் உட்கார்ந்து சிரட்டையால் வழிக்க வேண்டும். ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகிறது. விடிந்ததிலிருந்து இருட்டுகிற வரைக்கும் பன்னிரண்டு குடம். இருக்கிற வீடுகள் இருபத்தாறு. அது போதவில்லை என்று உன் தோட்டத்தின் மேற்கு மூலையில், தேரியை ஒட்டி, முழங்கால் தண்ணீர் தெரிகிற அளவுக்கு நாலு அகலக் குழி தோண்டியிருக்கிறோம். நின்றிருந்த வாழையை வெட்டித்தான் தோண்டினோம். உன்னைக் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. கிணறு வெட்டுகிறவர்கள் கூலி வாங்காமல் வந்து தோண்டினார்கள், நாங்கள் சொல்லாமலே சரியான இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

உன் புத்தகத்துக் கணக்கை வைத்துப் பார்த்தேன். வருஷா வருஷம் மழை ஒழுங்காகப் பெய்து, யாரும் அவசரப்படாமல் இருந்தால், அந்த ஒரு சாண் கனத்துக் கனத்து உப்பைக் கீழே அழுத்தும். அஞ்சு வருஷம் ஆகலாம். எட்டு வருஷமும் ஆகலாம். பிளாரன்சுக்கு எழுதினேன். பதில் இல்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நீயோ தண்ணீர் நல்லதானதும் வருகிறேன் என்கிறாய். அப்போது வருவதற்கு நீ எதற்கு? அப்போது ஊருக்கு ஒரு வாளி போதும். இப்போதுதான் ஆள் போதவில்லை. ஆண்கள் கடலுக்கும் பனைக்கும் போய்விடுகிறார்கள், பெண்களுக்கு முதுகு விட்டுப்போயிற்று. நான் பள்ளிக்கூடம் விட்டதும் போய் உட்காருகிறேன், இருட்டுவதற்குள் இரண்டு குடம்தான் முடிகிறது. முறைப் பட்டியலில் உன் பெயரையும் எழுதிவிட்டேன். தைப் பொங்கல் கழிந்த புதன்கிழமையிலிருந்து மூன்றாவது குழி உனக்கு, காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வா. கிருபையும் வந்தால் நாலாவது குழிக்கும் ஆள் ஆயிற்று.

உன்னைத் திட்டுவார்கள். முகத்துக்கு நேராகவே திட்டுவார்கள், செல்லத்தாய் குழிக்கரையிலேயே உட்கார்ந்துகொண்டு திட்டுவாள். நானும் திட்டுவேன். கேட்டுக்கொண்டே வழி. கை மட்டும் நடுங்கக் கூடாது, நடுங்கினால் உப்பு கலந்துவிடும்.

ஞானபாய்